காலி செய்வதற்கான காரணம்

டெய்லரம்மா இதுவரை தைத்ததிலேயே வயிறெரிந்து தைத்தது அந்த ஆறு திரைச்சீலைகளைத்தான். தும்பை வெள்ளைத் துணி. ஓனர் வாங்கிக் கொடுத்தது. தன்னைக் காலி செய்யச் சொன்ன வீட்டில், தனக்குப் பிறகு குடிவரப் போகிறவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று, தன் மெஷினில், தன் நூலில், தன் முழங்கால் வலியோடு அதைத் தைத்தாள். ஒவ்வொரு மடிப்பையும் பல்லைக் கடித்துக்கொண்டே மடித்தாள். கோணலாகத் தைத்துப் பழி தீர்த்துக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கை கேட்கவில்லை. நேராகவே தைத்துத் தொலைத்தது.

அந்த மாடி போர்ஷனில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறாள். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. கணவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் குடித்தனம். மகள் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் இரண்டு தையல் மெஷின்கள். காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தில், "நம்மிடையே இதுவரை நிலவிவந்த சுமுகமான உறவின் இனிய நிறைவை முன்னிட்டு" என்று எழுதியிருந்தது. மகள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "யாரும்மா செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

கடிதம் எழுதிய ஓனர் கீழ் வீட்டில் இருந்தார். எல்லோருக்கும் அவர் தலைவர். நாலு தெரு சேர்ந்த குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாகத் தலைவர். அந்தப் பதவிக்கு இதுவரை யாரும் போட்டி போட்டதில்லை. குப்பை வண்டி வரவில்லை என்றால் சத்தம் போட ஓர் ஆள் வேண்டும்; அவருக்குச் சத்தம் இருந்தது. அதோடு எல்லாம் பொருந்திப் போயிற்று. காய் வாங்கப் போனாலும் சட்டைப் பையில் மூன்று பேனாக்களோடுதான் போவார். "நான் சொல்றத நீங்க குறிச்சுக்கலாம்" என்று ஆரம்பிப்பார். யாரும் குறித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இந்தத் தலைவர் இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார். வாடகை வீட்டை வசீகரமாக்கி வாடகையைக் கூட்டுவது எப்படி என்பது பாடம். காலையில் போனவர் சாயங்காலம் நிபுணராகத் திரும்பினார். கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து மாடிப்படித் திருப்பத்தில் மாட்டினார். மாடிக்குத் துணி கொண்டுவருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு, "தலைவர் என்ன, டாக்டர் ஆயிட்டாரா?" என்று கேட்டபடி வந்தார்கள்.

அன்றிலிருந்துதான் பிடித்தது சனி. வீடு பார்க்க ஆள் வருகிற நாளெல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகத் தலைவர் மாடியேறி வந்துவிடுவார். ஹாலைப் பெரிதாகக் காட்ட எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. மேசையில் ஒரு பீங்கான் கிண்ணம், அதில் எட்டு எலுமிச்சம்பழம், யாரும் தொடக்கூடாது. "எலுமிச்சம்பழம் புத்துணர்ச்சியோட அடையாளம்மா. வகுப்புல சொன்னாங்க." ஒரு நாள் மகள் தொண்டை கட்டியிருக்கிறதென்று ஒன்றை எடுத்துப் பிழிந்து குடித்துவிட்டாள். தலைவர் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு ஒத்தப்படை, பேலன்ஸ் போச்சு" என்று வருத்தப்பட்டார். ஆள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அடுப்பில் காபி கொதிக்க வேண்டும். குடிப்பதற்கல்ல, வாசனைக்கு. அதற்கும் தூள் டெய்லரம்மாவுடையதுதான்.

மழை பெய்தால் அறையின் வடக்குச் சுவர் ஊறும். மேலே தளத்தில் வெடிப்பு. அதை அடைக்கச் சொல்லி அவள் ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைவர் இப்போது ஒரே நாளில் அதற்கு வழி கண்டார். சுவரளவுக்கு ஒரு படம் வாங்கி வந்து மாட்டினார். அருவிப் படம்.

"ஏன் சார், நனையற சுவத்துல அருவியா?" என்றாள் டெய்லரம்மா.

"இயற்கையோட ஒரு தொடர்பு வேணும்மா."

"தொடர்பு ஏற்கெனவே இருக்கு சார். தடவிப் பாருங்க."

மெஷின்கள் இரண்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளப்பட்டு வெள்ளைப் போர்வை போர்த்தப்பட்டன. அடக்கத்துக்குக் காத்திருக்கிற மாதிரி கிடந்தன. அன்றைக்கு வேலை நின்றுபோகும். மறுநாள் துணி கேட்டு வருகிறவர்களிடம் பேச்சு வாங்க வேண்டும். மகளின் பாடப் புத்தகங்கள் மட்டும் மேசையில் அழகாக அடுக்கப்பட்டன. "படிக்கிற வீடுன்னு ஒரு தோற்றம் கிடைக்குதுல்ல." படிக்கிற பெண் அந்த நேரத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, புத்தகம் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு செய்தும் யாரும் குடிவரச் சம்மதிக்கவில்லை. வந்தவர்கள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்கள், அருவியைப் பார்த்தார்கள், கடைசியில் டெய்லரம்மாவைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்கள். "நீங்க ஏங்க காலி பண்றீங்க?"

"ஓனர் காலி பண்ணச் சொன்னார்."

அவ்வளவுதான். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று படியிறங்கிவிட்டார்கள். இப்படி மூன்று பேர் போனதும் தலைவருக்கு ஞானம் பிறந்தது.

"டெய்லரம்மா, வகுப்புல ஒரு முக்கியமான விஷயம் சொன்னாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை வேணும்."

"என்ன கதை சார்?"

"இங்க குடியிருந்தவங்க எல்லாம் சொந்த வீடு வாங்கிட்டுத்தான் காலி பண்ணியிருக்காங்க. அவ்வளவு ராசியான வீடு. நீங்களும் வாங்கிட்டீங்க, அதான் போறீங்க. யார் கேட்டாலும் இதச் சொல்லுங்க."

டெய்லரம்மாவுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்கள் இரண்டே குடும்பம். ஒன்று தண்ணீர்ச் சண்டையில் போனது. இன்னொன்று தலைவரின் பேச்சைத் தாங்க முடியாமல் போனது.

"நான் எங்க சார் வாங்கினேன்? அடுத்த மாசம் எந்தத் தெருவுல படுக்கப்போறோம்னே தெரியல."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அது பக்கத்து வீடுவரை கேட்கும். "அந்த மருந்துக்கடைக்காரர் வீட்டக் கேட்டிருக்கீங்கல்ல? அவர் எங்கிட்ட விசாரிச்சார். என்ன இருந்தாலும் பழைய ஓனர் ஒரு வார்த்தை சொன்னாத்தானே அடுத்தவர் குடுப்பார்? நான் சொல்றேன், நல்லாவே சொல்றேன். பரீட்சை முடியற வரைக்கும் நீங்க இங்கயே இருந்துக்கங்க. ஒண்ணுக்கு ஒண்ணு."

அவள் உள்ளே போய்ச் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். மருந்துக்கடைக்காரரின் வீடு இரண்டு தெரு தள்ளி. கீழ்த்தளம், சிமெண்டுத் தரை, தெருவைப் பார்த்த கதவு. மெஷின் போட அதைவிட வாகான இடம் இல்லை. ஒரு மாதமாக அவள் ஏறி இறங்கிய பதினான்கு வீடுகளில், மெஷின் என்றதும் முகம் சுளிக்காத ஒரே ஆள் அவர்தான். அந்த வீடு கிடைக்காவிட்டால் பெண்ணின் பரீட்சையும் போயிற்று, தன் பிழைப்பும் போயிற்று.

திரும்பி வந்து, "சரி சார்" என்றாள். வெட்கக்கேடான இரண்டு வார்த்தை.

நாலு பேரிடம் சொன்னாள். பொய் வெகு நன்றாக வேலை செய்தது. கேட்டவர்கள் கண் விரிந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தவர்கள் இப்போது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ஓர் அம்மாள், "உங்க கட்டில் எந்தப் பக்கம் போட்டிருந்தீங்க, அதே இடத்துலதான் நாங்களும் போடுவோம்" என்றாள். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. நாலு தெருவுக்குமான செல்போன் குழுவில், டெய்லரம்மா திரைச்சீலைக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரு படத்தைப் போட்டு, "நம் மாடியில் வளர்ந்து சொந்த இல்லம் கண்ட சகோதரிக்கு வாழ்த்துகள். அடுத்த அதிர்ஷ்டசாலி நீங்களாக இருக்கலாம்" என்று எழுதினார். இருநூறு பேர் கைதட்டினார்கள்.

கணவன் எங்கோ ஒரு சாலையோரத்திலிருந்து கூப்பிட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வீடு வாங்கிட்டியாமே. எத்தன ரூம்?"

"உனக்கும் ஒண்ணு இருக்கு. லாரியிலயே இரு."

சிரித்துக்கொண்டுதான் வைத்தாள். அந்தச் சிரிப்பு மறுநாள் காலை பத்து மணிவரை இருந்தது.

பத்து மணிக்கு அவள் மருந்துக்கடைக்குப் போனாள். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றாள். கடைக்காரர் ஒரு சீட்டைப் படித்து மாத்திரை எண்ணிப் போட்டு அனுப்பிவிட்டு அவளைப் பார்த்தார். முகத்தில் பழைய தெளிவில்லை.

"வாம்மா. வீடு விஷயம்தானே. வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்னு வச்சுக்கயேன்."

"என்னண்ணே, போன வாரம் சரின்னீங்களே."

"சொன்னேன். தலைவர்கூட உன்னப் பத்தி நல்லாத்தான் சொன்னார், பதினோரு வருஷத்துல ஒரு தொந்தரவு இல்லன்னு. ஆனா பாரும்மா, சொந்தமா வீடு வாங்கினவளுக்கு என் வீடு எதுக்கு? எடுத்து உள்வாடகைக்கு விடுவ. இல்லன்னா குடோன் ஆக்குவ. போன தடவ ஒருத்தன் அப்படித்தான் பண்ணான். அவன வெளிய அனுப்ப எனக்கு மூணு வருஷம் ஆச்சு. அத மறைச்சு வச்சு வந்து கேட்ட பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல."

"அண்ணே, அது பொய்ண்ணே."

"எது? குழுவுல உன் போட்டோவோட வந்திருக்கு. என் சம்சாரத்தோட தங்கச்சி அன்னிக்கு வீடு பாக்க வந்திருந்தா. நீயே உன் வாயால சொன்னியாமே."

பின்னால் ஒருவர் இருமல் மருந்து கேட்டார். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

திரும்பி நடந்த இரண்டு தெருவும் அவள் கண்ணில் படவில்லை. எதிரே வந்த ஒருத்தி, "என்ன டெய்லரம்மா, புது வீட்டுக்கு எப்ப விருந்து?" என்றாள். "நீ செத்தன்னிக்கு" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். கோபம் தலைவர்மேல் பாதி. மீதிப் பாதி தன்மேல். கட்டாத வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் வைத்து நாலு பேரிடம் விவரித்தது இதே வாய்தானே. தெற்குப் பார்த்த வாசல் என்றுகூட ஒருத்தரிடம் சொல்லியிருந்தாள்.

படியேறியபோது காபி வாசனை வந்தது. தலைவரே அடுப்பைப் பற்றவைத்திருந்தார். ஹாலில் கண்ணாடி போட்ட ஒரு கணவனும், கையில் அளவு நாடாவோடு ஒரு மனைவியும் நின்றிருந்தார்கள். புதுக் குடித்தனம் என்று பார்த்ததும் தெரிந்தது. எதைத் தொட்டாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் நாடாவைத் தலைகீழாகப் பிடித்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க" என்றார் தலைவர், மேடையில் ஆளை அழைக்கிற குரலில். "இவங்கதான் நான் சொன்ன சகோதரி. வெறும் ரெண்டு மெஷினோட இந்த வீட்டுக்குள்ள வந்தாங்க. இன்னிக்கு..." அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மீதியை அவள் சொல்ல வேண்டும்.

"வீடு வாங்கிட்டீங்களாமே அக்கா" என்றாள் அந்தப் பெண். உண்மையான ஆசை அந்தக் குரலில் இருந்தது. "எங்க வாங்கியிருக்கீங்க?"

டெய்லரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். நேராகப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இங்கதாம்மா. இந்த வீட்டத்தான் வாங்கியிருக்கேன்."

தலைவரின் உயர்ந்த கை உயர்ந்தபடியே நின்றது.

"இந்த வீட்டயா?" என்றான் கணவன்.

"ஆமா தம்பி. கீழ மேல எல்லாம் சேத்துத்தான். குழுவுல படம்கூட போட்டாரே, பாக்கலையா? பாவம், வித்துட்டாரே தவிர மனசு ஒப்பல. தினம் யாரையாவது கூட்டிட்டு வந்து வாடகைக்குன்னு காட்டிட்டிருப்பார். வயசாயிடுச்சு. நானும் ஒண்ணும் சொல்றதில்ல."

அந்த இருவரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வையைத் தலைவர் தன் ஆயுளில் வாங்கியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவர்களைப் பார்க்கிற பார்வை. கணவன் ஒரு நாற்காலியை இழுத்து, "உக்காருங்க சார்" என்றே சொல்லிவிட்டான்.

"என்னம்மா உளர்ற?" தலைவருக்கு மூச்சு முட்டியது. "தம்பி, இது என் வீடு. பத்திரம் கீழ இருக்கு. காட்டட்டுமா?"

"காட்டுவார்" என்றாள் டெய்லரம்மா. "எல்லார்கிட்டயும் காட்டுவார்."

"அந்தம்மா வீடே வாங்கல தம்பி. இந்த வீடுன்னு இல்ல, எந்த வீடும் வாங்கல. நான்தான் காலி பண்ணச் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. அந்தப் பெண் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப ராசியான வீடுன்னு சொன்னீங்களே சார், அது?"

"அது ஒரு... கதைம்மா. வகுப்புல..."

"வாங்க" என்றாள் கணவனிடம். வாசலில் செருப்பு மாட்டும்போது டெய்லரம்மாவை ஒரு முறை பார்த்தாள். "அக்கா, நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டாள். டெய்லரம்மா கையை விரித்துக் காட்டினாள்; அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

தலைவர் கதவைச் சாத்தினார். "என் மானத்த வாங்கிட்ட. பதினோரு வருஷம் இருக்க இடம் குடுத்ததுக்கு நல்லா செஞ்ச. இனிமே எவன் வந்து கேட்டாலும் உன்னப் பத்தி நல்ல வார்த்த என் வாயில வராது, குறிச்சுக்கோ."

"உங்க நல்ல வார்த்த வந்துதான் எனக்கு வீடு போச்சு" என்றாள். குரல் உயரவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்ததால் அதற்கு உயரத் தேவையிருக்கவில்லை. "நீங்க சொன்ன பொய்ய நம்பி அந்த மருந்துக்கடை அண்ணன் எனக்கு வீடு இல்லன்னுட்டார். வீடு வாங்கினவளுக்கு வாடகை வீடு எதுக்குன்னு கேக்கறார். பரீட்சை முடிய இன்னும் நாப்பது நாள் இருக்கு. எம்பொண்ணு தண்ணித் தொட்டிக்கு அடியில உக்காந்து படிக்குது, அதோட புத்தகத்த நீங்க இங்க பொம்மை மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்க. போன எடுங்க."

"என்ன?"

"போன எடுத்து அவரக் கூப்பிடுங்க. நான் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க. உங்க வாயால கெட்டது உங்க வாயாலயே சரியாகணும். இல்லன்னா நான் இந்தப் படியில உக்காந்துக்குவேன். வர்றவங்ககிட்டயெல்லாம் இன்னிக்குச் சொன்னதையே சொல்வேன். வாங்கினேன்னு சொல்லச் சொன்னது நீங்கதானே. எந்த வீடுன்னு நீங்க சொல்லலையே."

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பையன் இழுத்துப் போட்ட அதே நாற்காலி. பிறகு போனை எடுத்தார்.

"வணக்கம். தலைவர் பேசறேன். சங்கக் குழுவுல வெளியான ஒரு தகவல் சம்பந்தமா, ஒரு சிறு திருத்தம்..."

"திருத்தம் இல்ல சார்" என்றாள் அவள். "பொய்."

"அதாவது, நடைமுறையில ஏற்பட்ட ஒரு தவறான புரிதல்..."

"பொய்னு சொல்லுங்க சார்."

மறுமுனையில் மாத்திரைப் பட்டை கிழிகிற சத்தம் கேட்டது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, "டெய்லரம்மா வீடு வாங்கினாங்கன்னு நான் போட்டது பொய்" என்றார். அவர் ஆயுளில் சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதைக்கூட முடித்த இடத்தில் விட மனமில்லாமல், "அவங்க ரொம்ப நல்லவங்க, அதுக்கு நான் உத்தரவாதம்" என்று சேர்த்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர், "அத எத வச்சுங்க நம்பறது?" என்றார். "போன வாரமும் நீங்கதான் சொன்னீங்க. வீடு வாங்கினாங்கன்னும் நீங்கதான் சொன்னீங்க. எத எடுத்துக்கறது, எத விடறது?"

தலைவர் வாயைத் திறந்தார். நாலு தெருவுக்குப் போதுமான அந்தத் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. டெய்லரம்மா போனை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, நான்தான் பேசறேன். என்னப் பத்தி இவர்கிட்ட கேக்காதீங்க. என்கிட்டயே கேளுங்க. எனக்கு வீடு கிடையாது. அந்தப் பொய்ய நானும் நாலு பேர்கிட்ட சொன்னேன். இவர் உங்ககிட்ட நல்லதா ஒரு வார்த்த சொல்லணுமேன்னு சொன்னேன். அது தப்புதான். ரெண்டு மெஷின் இருக்கு. காலைல ஏழு மணிக்கு ஓட ஆரம்பிச்சா பொழுது சாயறவரைக்கும் ஓடும், சத்தம் இருக்கும். துணி குடுக்க ஆள் வந்து போயிட்டே இருக்கும், வாசல்ல நாலு செருப்பு கிடக்கும். எங்க வீட்டு மனுஷன் மாசத்துல பத்து நாள்தான் இருப்பார். அந்தப் பத்து நாளும் குறட்டை விடுவார். எனக்கும் வாய் கொஞ்சம் ஜாஸ்தி, இப்பவே கேக்கறீங்க. இவ்வளவுதான் நான். முடியும்னா குடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வேற இடம் தேடணும், நேரமில்ல."

மறுமுனையில் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுக்கிற சத்தம். பிறகு அவர் குரல்.

"குறட்டை மாடிவரைக்கும் கேக்குமா?"

"கேக்கும்ண்ணே."

"எங்கம்மா மாடியிலதான் இருக்காங்க. காது மந்தம்" என்றார். "பரீட்சை என்னிக்கு முடியுது?"

சொன்னாள்.

"நடுவுல இடம் மாத்துனா பிள்ளைக்குச் சிரமம். முடிஞ்ச மறுநாள் வாங்க. அதுவரைக்கும் பூட்டியே கிடக்கட்டும்."

டெய்லரம்மா போனைத் தலைவரின் கையில் வைத்தாள். அவர் அதற்குள் பாதி எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, ஒரு பேனாவைச் சரிசெய்துவிட்டிருந்தார். "ஆக, எல்லாத் தரப்புக்கும் சுமுகமா..." என்று ஆரம்பித்தார்.

"சார், இன்னும் நாப்பது நாள் நான் இங்கதான் இருக்கேன். அதுவரைக்கும் வீடு பாக்கன்னு ஒருத்தரையும் மாடிக்குக் கூட்டிட்டு வரக்கூடாது."

"வந்தா?"

"வரட்டும். பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு நானே சொல்றேன்."

தலைவர் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் சொந்த வீட்டு மாடிப்படியில், யாரோ வீட்டுக்கு வந்து அவமானப்பட்டுப் போகிறவரைப் போல, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.